ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்குப் பேக்கப் எடுப்பது எப்படி?

வருஷக் கடைசியில் சரக்கு இருப்பு எடுக்கும் நாளில் நாம் கடையைச் சாத்திவிடுகிறோம். வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போது மூட்டைகளை எண்ணினால் கணக்கு நிற்காது என்பது நமக்குப் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த பாடம். ஓர் உதாரணம் பார்ப்போம். கடையில் 40 மூட்டை துவரம்பருப்பு, குடோனில் 100 மூட்டை. பையன் முதலில் கடையில் எண்ணி 40 என்று எழுதிக்கொண்டு குடோனுக்குப் போகிறான். அவன் போய்ச் சேருவதற்குள் குடோனிலிருந்து 10 மூட்டை கடைக்கு வந்துவிடுகிறது. குடோனில் அவன் எண்ணுவது 90. மொத்தம் 130 என்று சீட்டு கொடுக்கிறான். இருப்பதோ 140. யாரும் திருடவில்லை. பையன் தப்பாக எண்ணவும் இல்லை. ஆனாலும் அந்த 130 என்பது அன்றைக்கு எந்த நிமிஷத்திலும் உண்மையாக இருந்ததில்லை.

கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கைக் கடை ஓடும்போதே நகல் எடுப்பதிலும் இதே சிக்கல்தான் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எங்கள் கடையில் நாங்கள் பட்ட பாட்டையும், பின்னர் கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டவற்றையும் நம் வியாபாரிகளுக்குப் பயன்படும்படி இங்கே எழுதுகிறோம். நாங்கள் கம்ப்யூட்டர் படித்தவர்கள் அல்ல. பள்ளிக்கூடப் படிப்போடு கல்லாவில் உட்கார்ந்தவர்கள். ஆகையால் கடைப் பாஷையிலேயே சொல்கிறோம்.

கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர்

இப்போது பல மொத்தக் கடைகளில் ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, அதற்குள் இரண்டு மூன்று கம்ப்யூட்டர்கள் ஓடுவது போல அமைத்துக் கொடுக்கிறார்கள். உள்ளே ஓடுபவற்றை வர்ச்சுவல் மெஷின் என்கிறார்கள். நாம் இங்கே அவற்றை உள் கம்ப்யூட்டர் என்றும், இரும்புப் பெட்டியாக நம் கண்ணுக்குத் தெரிவதை வெளிக் கம்ப்யூட்டர் என்றும் சொல்லிக்கொள்வோம். ஒரே கட்டடத்தை மரத்தடுப்பு போட்டு மூன்று கடையாக்கி வாடகைக்கு விடுவது போன்ற ஏற்பாடு இது. ஒவ்வொரு கடைக்கும் தனிப் பூட்டு, தனிக் கணக்கு; சுவரும் கூரையும் மட்டும் பொது.

இது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனம் 1972லேயே தன் பெரிய இயந்திரங்களில் இதைக் கொண்டுவந்துவிட்டது. சாதாரண மேஜைக் கம்ப்யூட்டர்களுக்கு 1999ல் வி.எம்.வேர் நிறுவனம் கொண்டுவந்தது. 2008ல் மைக்ரோசாப்ட் தன் விண்டோஸ் சர்வரோடு ஹைப்பர்-வி என்ற பெயரில் சேர்த்துக் கொடுத்தது. மளிகைக் கடை வரை இது வந்ததற்குக் காரணம் வேறு. நம்மில் பலர் டாஸ் காலத்தில் பாக்ஸ்புரோவில் எழுதிய பில் புரோகிராமைத்தான் வெகுகாலம் வைத்திருந்தோம். 64 பிட் விண்டோஸில் அந்த டாஸ் புரோகிராம்கள் ஓடமாட்டா. விண்டோஸ் எக்ஸ்பிக்கும் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டரோ பாகம் கிடைக்காத நிலைக்கு வந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரை அப்படியே, விண்டோஸ் எக்ஸ்பியோடும் பில் புரோகிராமோடும் பதினைந்து வருஷக் கணக்கோடும், புதிய கம்ப்யூட்டருக்குள் ஒரு பைலாக இறக்கிவிடலாம் என்றதும் பலரும் சம்மதித்தோம். எங்கள் கடையில் 2016ல் இதைச் செய்தோம்.

அந்தப் பைல் என்ற வார்த்தையில்தான் வில்லங்கம் இருக்கிறது. உள் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் முழுவதும் வெளிக் கம்ப்யூட்டரில் ஒரே பெரிய பைலாக இருக்கும். எங்களுடையது 120 ஜி.பி. ஒரு பைல்தானே, அதை நகல் எடுத்து வெளி டிஸ்க்கில் வைத்துவிட்டால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றிற்று.

எங்கள் கடையில் நடந்தது

எங்கள் கடையில் இரவு சாத்தும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது அப்பா காலத்துப் பழக்கம். எண்ணெய் டின்னும் சாக்கும் நெருப்புப் பெட்டிக் கட்டும் இருக்கும் இடத்தில் கரண்டை விட்டுவைக்க மனம் வராது. ஆகவே இரவில் பேக்கப் ஓட வழியில்லை. இதைச் சொன்னதும், கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுத்தவர், மத்தியானம் 2 மணிக்குத் தானாகவே அந்த 120 ஜி.பி. பைல் வெளி டிஸ்க்குக்கு நகல் ஆகும்படி வைத்துக் கொடுத்தார். உள் கம்ப்யூட்டர் ஓடும்போது அந்தப் பைலைத் தொட விடாமல் பூட்டிவைக்கும் மென்பொருள்களும் உண்டு. எங்களுக்கு அமைத்த ஏற்பாட்டில் அந்தப் பூட்டு இல்லை. நகல் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் பில் போடுவது, வசூல் வரவு வைப்பது எல்லாம் நடந்துகொண்டேதான் இருக்கும். தினம் சாயங்காலம் டிஸ்க்கில் புதுத் தேதியோடு பைல் இருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவோம்.

2019 கார்த்திகையில் வெளிக் கம்ப்யூட்டரின் டிஸ்க் போய்விட்டது. முதல் நாள் மத்தியானத்து நகலை எடுத்து வேறு கம்ப்யூட்டரில் போட்டோம். உள் கம்ப்யூட்டர் எழுந்தது. எழும்போதே டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும் என்று வெகுநேரம் எடுத்துக்கொண்டது. பில் புரோகிராம் முதலில் திறக்கவில்லை. இன்டெக்ஸ் கெட்டிருக்கிறது என்று அதைப் புதுப்பித்ததும் திறந்தது. பார்ட்டி பெயர்கள் இருந்தன, பாக்கிகள் இருந்தன. விநாயகருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வியாபாரத்தைத் தொடங்கினோம்.

மூன்றாம் நாள் வசூலுக்குப் போன பையன் போன் செய்தான். ஒரு கடைக்காரர் பாக்கியே இல்லை என்கிறாராம். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னோம். "அண்ணாச்சி, புதன்கிழமை மத்தியானம் நானே நேரில் வந்து உங்க கையிலே கட்டிட்டுப் போனேனே, ரசீது இருக்கு" என்றார். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்தால் அவர் சொன்னது சரி. புரோகிராமில் ரசீதுப் பதிவைப் பார்த்தால் அங்கேயும் அந்த ரசீது நம்பர் இருக்கிறது! ஆனால் அவருடைய பாக்கி மட்டும் குறையவில்லை.

எப்படி என்பது பிறகுதான் புரிந்தது. நகல் எடுக்கும் வேலை டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து கடைசி வரை வரிசையாகப் போகிறது. பார்ட்டி பாக்கி எழுதியிருக்கும் இடத்தை அது 2.05க்கே நகல் எடுத்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டது. அவர் பணம் கட்டியது 2.15க்கு. ரசீதுகள் எழுதியிருக்கும் இடத்துக்கு அது வந்தபோது மணி 2.40. ஆகவே நகலில் பாக்கி பழசு, ரசீது புதுசு. கடையில் 40, குடோனில் 90 என்று எண்ணிய பையனின் கதையேதான். வேறு சில இடங்களில் பில் நம்பர் இருந்தது, அதன் கீழே சரக்கு விவரம் இல்லை. இன்டெக்ஸ் கெட்டதற்கும் இதுவே காரணம்.

அப்புறம் பார்த்தால், அந்த ஒரு நாள் நகலில் 23 பேர் கணக்கு இப்படி ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருந்தது. அடிக்கட்டைகளையும் டெலிவரி சீட்டுகளையும் வைத்துக்கொண்டு கணக்குப்பிள்ளையும் நாங்களும் பதினோரு நாள் உட்கார்ந்து நேர் செய்தோம். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம். பங்குனியில் வருஷக் கணக்கு முடிக்கும்போது ஒரு சின்னக் கடைக்காரர் 6,200 ரூபாயை இரண்டு தடவை கட்டியிருப்பது தெரிந்தது. பையன் போய்க் கேட்டபோது, தாம்தான் மறந்திருப்போம் என்று நினைத்து, ஒரு வார்த்தை பேசாமல் மறுபடியும் கட்டியிருக்கிறார். ரசீதைத் தேடிக்கூடப் பார்க்கவில்லை. நம் கடைக் கணக்கு தப்பாகாது என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. பணத்தை எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

டிஸ்க் போய்க் கணக்கே இல்லாமல் போயிருந்தால், எல்லோரிடமும் சொல்லி, சீட்டுகளை வைத்துத் திரும்ப எழுதியிருப்போம். பாதி சரியாக இருந்த நகல் எங்களை மூன்று நாள் ஏமாற்றிவிட்டது.

பழைய பேரேட்டை மூடிப் புது நோட்டு போடுவது

சரி, கடையைச் சாத்தாமலே எல்லாக் கணக்கும் ஒரே நிமிஷத்தைச் சேர்ந்ததாக இருக்கும்படி எப்படி நகல் எடுப்பது? அதற்குத்தான் ஸ்னாப்ஷாட் என்ற முறை இருக்கிறது. ஹைப்பர்-வியில் இதற்கு செக்பாயின்ட் என்று பெயர்.

பேரேட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறோம். 2 மணிக்கு ஆடிட்டர் வந்து பேரேடு வேண்டும் என்கிறார். நாம் என்ன செய்வோம்? 2 மணி வரை எழுதியதோடு பேரேட்டை மூடி அவரிடம் கொடுத்துவிட்டு, அதற்குப் பின் வரும் வரவு செலவை ஒரு புது நோட்டில் எழுதிவருவோம். அவர் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் அவர் கையில் இருப்பது 2 மணிக் கணக்குதான். அதில் ஓர் எழுத்தும் மாறாது. அவர் திருப்பிக் கொடுத்ததும் புது நோட்டில் உள்ளதைப் பேரேட்டில் ஏற்றிவிட்டு நோட்டைக் கிழித்துப் போட்டுவிடுவோம். ஸ்னாப்ஷாட் செய்வதும் இதுவே. அந்தக் கணத்தோடு பெரிய பைல் மூடப்படுகிறது. புதிதாக எழுதுவதெல்லாம் பக்கத்தில் ஒரு சிறு பைலுக்குப் போகிறது. பேக்கப் மென்பொருள் மூடிய பைலை நிதானமாக வெளி டிஸ்க்குக்கு நகல் எடுக்கிறது. முடிந்ததும் சிறு பைல் பெரிய பைலோடு சேர்க்கப்படுகிறது. பில் போடுகிறவருக்கு இவை ஒன்றும் தெரியாது.

இங்கே நம்மவர்கள் பலர் செய்யும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்திருக்கிறோம், ஆகவே பேக்கப் இருக்கிறது என்கிறார்கள். மூடிய பேரேடும் புது நோட்டும் ஒரே பீரோவில்தான் இருக்கின்றன. பீரோ எரிந்தால் இரண்டும் போகும். பேரேடு இல்லாமல் நோட்டை மட்டும் வைத்துக்கொண்டும் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. நோட்டைப் பேரேட்டில் ஏற்றாமல் விட்டுவிட்டால் அது வளர்ந்துகொண்டே போகும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று வி.எம்.வேர் நிறுவனத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஓர் எண்ணெய் மண்டியில், புரோகிராமைப் புதுப்பிக்க வந்தவர் முன்ஜாக்கிரதையாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் அதை நீக்க மறந்து போய்விட்டார். எட்டு மாதம் கழித்து, சரியாக தீபாவளி வாரத்தில், டிஸ்க் நிரம்பி எல்லா உள் கம்ப்யூட்டர்களும் நின்றுவிட்டன. இரண்டு நாள் கையால் பில் எழுதினார்கள்.

கரண்ட் போன நிலையும், கை நிறுத்திய நிலையும்

ஸ்னாப்ஷாட் எடுத்தால் மட்டும் போதுமா என்றால், அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் முக்கியமான இடம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

கணக்குப்பிள்ளை ஒரு பில்லை எழுதிக்கொண்டிருக்கிறார். சரக்கு வரியை எழுதிவிட்டார், பார்ட்டி பற்று இன்னும் எழுதவில்லை. சில தொகைகள் அவர் மனதில் இருக்கின்றன, காகிதத்துக்கு வரவில்லை. அந்தக் கணத்தில் பேரேட்டைப் பிடுங்கிக்கொண்டால் அதில் அரைகுறையாக ஒரு பில் இருக்கும். கம்ப்யூட்டரும் அப்படித்தான். எல்லாவற்றையும் உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதாது. கொஞ்சம் நினைவில் வைத்துக்கொண்டிருக்கும். சாதாரண ஸ்னாப்ஷாட்டில் டிஸ்க் எந்த நிலையில் இருக்குமென்றால், திடீரென்று கரண்ட் போனால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். இதைக் கிராஷ் கன்சிஸ்டன்ட் என்கிறார்கள். எழுதுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி, மனதில் இருப்பதை எழுதி முடிக்கவைத்து, பேனாவைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு எடுப்பது அப்ளிகேஷன் கன்சிஸ்டன்ட்.

கரண்ட் போன நிலை எல்லாப் புரோகிராமுக்கும் கெடுதல் என்றும் சொல்ல முடியாது. எஸ்.க்யூ.எல். சர்வர் போன்றவற்றில் எந்தப் பதிவும் முதலில் சிட்டையில் ஏறிய பிறகே பேரேட்டுக்குப் போகும். அந்தச் சிட்டையை லாக் என்பார்கள். கரண்ட் போய்த் திரும்ப எழும்போது அது சிட்டையைப் படிக்கும். முழுதாக முடிந்த பதிவுகளைப் பேரேட்டில் ஏற்றும். அரைகுறையாக நின்றவற்றை அடித்துவிடும். ஆகையால் சிட்டையும் பேரேடும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் தானே சமாளித்துக்கொள்ளும். சிட்டை ஒரு டிஸ்க்கிலும் பேரேடு இன்னொரு டிஸ்க்கிலுமாக வைத்திருப்பவர்கள், இரண்டுக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் ஸ்னாப்ஷாட் எடுக்கப்படுகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். டாஸ் காலத்து பாக்ஸ்புரோவில் இந்தச் சிட்டை வழக்கமே கிடையாது. நேராகப் பேரேட்டில்தான் எழுதும். அரைகுறையாக நின்றால் நின்றதுதான்.

விண்டோஸில் பேனாவைக் கீழே வைக்கச் சொல்லும் வேலையைச் செய்வதற்கு வி.எஸ்.எஸ். என்ற ஏற்பாடு விண்டோஸ் எக்ஸ்பி, சர்வர் 2003 காலத்திலிருந்து இருக்கிறது. எஸ்.க்யூ.எல். சர்வர் போன்ற புரோகிராம்கள் தம் சார்பில் அதில் ஓர் ஆளை நிறுத்தியிருக்கும். பேக்கப் நேரம் வந்ததும் வி.எஸ்.எஸ். அந்த ஆள்களைக் கூப்பிட்டு, கையில் உள்ளதை எழுதி முடித்துக் காத்திருக்கச் சொல்கிறது. இந்தக் காத்திருப்பு 60 விநாடிக்கு மேல் போகக்கூடாது. ஸ்னாப்ஷாட் எடுக்கும் வேலை 10 விநாடிக்குள் முடிய வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பிறகு எல்லோரும் எழுதத் தொடங்கலாம். வாடிக்கையாளர் நிற்கும்போது பில் ஒரு கணம் தயங்கி வந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. லினக்ஸில் இதற்கு வேறு ஏற்பாடு. அங்கே பைல்களை ஒரு கணம் உறையவைக்கலாம், ஆனால் கணக்குப் புரோகிராமிடம் தனியாகச் சொல்லிவைக்க வேண்டியிருக்கும்.

வெளிக் கம்ப்யூட்டர் கூப்பிடுவது உள் கம்ப்யூட்டருக்குக் கேட்க வேண்டுமானால், உள்ளே அதற்கென்று ஒரு சிறு மென்பொருள் இருக்க வேண்டும். வி.எம்.வேரில் அதை டூல்ஸ் என்பார்கள். ஹைப்பர்-வியில் இன்டக்ரேஷன் சர்வீசஸ். அது இல்லாவிட்டாலோ பழசாகியிருந்தாலோ கூப்பிட்டது கேட்காது. அப்போது என்ன நடக்கும் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஹைப்பர்-வியில் 2016ஆம் வருஷப் பதிப்பு முதல் புரொடக்‌ஷன் செக்பாயின்ட் என்று பேனாவைக் கீழே வைக்கச் சொல்லும் வகை வந்திருக்கிறது. ஆனால் அது முடியாவிட்டால் சாதாரண வகையை எடுத்துக்கொள் என்ற கட்டத்தில் வாங்கும்போதே டிக் இருக்கும். அதாவது முதல் தரம் இல்லையென்றால் இரண்டாம் தரத்தைப் போட்டு அனுப்பு, பார்ட்டியைக் கேட்க வேண்டாம் என்பது போல! அந்த டிக்கை எடுத்துவிடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் முடியவில்லை என்று நமக்குத் தெரியட்டும்.

பேக்கப் மென்பொருள் பச்சை நிறம் காட்டுகிறதா, மஞ்சள் நிறம் காட்டுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அமைத்துக் கொடுப்பவரிடம், "தம்பி, இது கிராஷ் கன்சிஸ்டன்டா, அப்ளிகேஷன் கன்சிஸ்டன்டா? நேற்றைய பேக்கப்பில் அப்படித்தான் ஆயிற்று என்று எந்த இடத்தில் எழுதியிருக்கிறது, காட்டு" என்று கேட்க வேண்டும். காட்டத் தெரியாதவரிடம் வேலை கொடுக்க வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

பழைய பாக்ஸ்புரோ வைத்திருப்பவர்களுக்கு வி.எஸ்.எஸ்.ஸில் நிற்க ஆள் கிடையாது. அதற்கு எங்கள் கடையில் எளிய வழி ஒன்று வைத்திருக்கிறோம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், 2 மணிக்கு, மூன்று கவுண்டர்காரர்களும் புரோகிராமை விட்டு வெளியே வந்துவிடுவார்கள். ஸ்னாப்ஷாட் எடுக்க அரை நிமிஷம்கூட ஆகாது. உடனே திரும்ப உள்ளே போய்விடலாம். நகல் எடுக்கும் முக்கால் மணி நேரமும் வெளியே நிற்க வேண்டியதில்லை. பேரேட்டை மூடும் அந்த ஒரு கணம் யாரும் எழுதாமல் இருந்தால் போதும். டாலி பிரைம் வைத்திருப்பவர்கள் ஆல்ட் ஒய் அழுத்தினால் வரும் பேக்கப் வசதியையும் தனியாகப் பயன்படுத்திக்கொள்வது நல்லது. உள் கம்ப்யூட்டரின் நகல் இருக்கிறது என்பதற்காகப் புரோகிராமின் சொந்தப் பேக்கப்பை விட்டுவிட வேண்டாம்.

தினம் 120 ஜி.பி.யையும் எடுக்கத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டாம். நேற்றைக்குப் பின் மாறிய பகுதிகளை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு அவற்றை மட்டும் எடுக்கும் வசதி வி.எம்.வேரில் 2009 முதலும் ஹைப்பர்-வியில் 2016 முதலும் இருக்கிறது. எங்களுக்கு இப்போது தினசரி நகல் சில நிமிஷங்களில் முடிகிறது. வாரத்துக்கு ஒரு முறை முழுதாக எடுக்கிறோம். சங்கிலியில் ஒரு கண்ணி போனால் அதன் பின்னால் உள்ளவையும் போகும் என்பதால் இப்படி.

எங்கே வைப்பது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறோம். வெளி டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியே வைத்திருப்பது கல்லாச் சாவியைக் கல்லாவிலேயே விட்டுவைப்பது போல. 2017 மே மாதம் உலகம் முழுவதும் பரவிய வான்னாகிரை போன்ற பணம் பறிக்கும் வைரஸ்கள், விண்டோஸ் எடுத்துவைத்திருக்கும் பழைய ஸ்னாப்ஷாட்களை அழித்துவிடும். செருகியிருக்கும் டிஸ்க்கையும் பூட்டிவிடும். இரண்டு டிஸ்க் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் செருகுகிறோம். ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கும். வாடிக்கையாளர் கணக்கெல்லாம் அதில் இருப்பதால் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறோம்.

பெரிய நிறுவனத்தின் கட்டடத்தில் வைத்துவிட்டோம், கவலையில்லை என்பதும் சரியல்ல. 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்ஸ் நாட்டில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் கம்ப்யூட்டர் மையம் ஒன்று தீயில் முழுதும் எரிந்துபோயிற்று. கணக்கையும் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் சிலர் இரண்டையும் இழந்தார்கள்.

சட்டமும் இதைக் கேட்கிறது. ஜி.எஸ்.டி. விதி 57, கம்ப்யூட்டரில் வைத்த கணக்குக்கு முறையான பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்றும், விபத்தில் அழிந்தால் நியாயமான காலத்துக்குள் திரும்ப எடுக்க முடிய வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி வருஷாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும். அப்பீல் நிலுவையில் இருந்தால் இன்னும் கூடும். ஜி.எஸ்.டி. தளத்திலேயே நம் விற்பனை இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். விற்பனை இருக்கிறது. யார் எவ்வளவு பாக்கி என்பது அங்கே இல்லை. புரோகிராமை மாற்றிவிட்டவர்களும் பழைய உள் கம்ப்யூட்டரை அழித்துவிட வேண்டாம். பழைய கணக்குப் பைல் மட்டும் இருந்து அதைத் திறக்கும் புரோகிராம் இல்லாமல் போனால் அதிகாரி கேட்கும்போது எதைக் காட்டுவது? உள் கம்ப்யூட்டரை முழுதாக நகல் எடுத்து வைப்பதில் உள்ள சௌகரியமே, கணக்கோடு அதைத் திறக்கும் சாவியும் சேர்ந்து வருவதுதான்.

திரும்ப எடுத்துப் பார்ப்பது

கம்ப்யூட்டர் வேலையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் இதில் சறுக்கல் உண்டு. கிட்லேப் என்ற நிறுவனத்தில் 2017 ஜனவரி 31ஆம் தேதி ஓர் ஊழியர் தவறுதலாக முக்கியக் கணக்கு இருந்த இடத்தையே அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், தினசரி பேக்கப் எடுக்கும் புரோகிராம் பதிப்பு மாறியதால் வெகு நாளாக ஓடவே இல்லை. ஓடவில்லை என்று அது அனுப்பிய ஈமெயில்களும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது, வேறு ஏதோ சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்துவைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட். அதைத் திரும்ப ஏற்றுவதற்கும் ஏறக்குறைய 18 மணி நேரம் ஆயிற்று. அந்த ஆறு மணி நேரக் கணக்கு போனது போனதுதான். நடந்ததை ஒளிக்காமல் அவர்களே வெளியிட்டதால் நமக்கும் தெரிய வந்தது.

ஆகவே மாதம் ஒரு முறை, முதல் ஞாயிற்றுக்கிழமை, பேக்கப்பைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது என்று எங்கள் கடையில் வைத்திருக்கிறோம். மகன் வீட்டில் இருக்கும் வேறொரு கம்ப்யூட்டரில் அந்த நகலை ஏற்றி ஓடவிடுவோம். அப்போது நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே பெயரில் இரண்டு கம்ப்யூட்டர் ஓடி, யாரோ ஒருவர் சோதனைக் கம்ப்யூட்டரில் பில் போட்டுவிடுவார். அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

எழுந்து திறந்துகொள்கிறது என்பதோடு நிறுத்தக்கூடாது. 2019லும் அது எழத்தான் செய்தது. தினம் 2 மணிக்கு ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது கவுண்டரில் உள்ளவர், அந்த நிமிஷத்துக் கடைசி பில் நம்பரையும் கடைசி ரசீது நம்பரையும் கல்லா அருகே தொங்கும் நோட்டில் எழுதிவிட வேண்டும். திரும்ப எடுத்த நகலில் அதே இரண்டு நம்பர்கள் கடைசியாக இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கிறோம். ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் இருந்தால் அந்த நகல் ஒரே கணத்தில் எடுத்தது அல்ல. அடுத்து, பில்களின் மொத்தத்திலிருந்து ரசீதுகளின் மொத்தத்தைக் கழித்தால் பார்ட்டி பாக்கிகளின் மொத்தம் வருகிறதா என்று பார்க்கிறோம்; முந்திய வருஷ பாக்கியையும் சரக்குத் திருப்பத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு இருப்பாய்வு எடுத்து இரு பக்கமும் சரிக்கட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எஸ்.க்யூ.எல். சர்வர் வைத்திருப்பவர்கள் டி.பி.சி.சி. செக்டிபி என்ற கட்டளையையும் ஓட்டச் சொல்லலாம். அது பைலின் உட்கட்டைப் பரிசோதிக்கும். ஆனால் ரசீது இருந்து பாக்கி குறையாத கோளாறெல்லாம் அதற்குத் தெரியாது. கணக்கைத் தெரிந்தவர்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். ஆகையால் இந்த வேலையைக் கம்ப்யூட்டர்காரரிடம் மட்டும் விட்டுவிடாமல் கணக்குப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறோம்.

எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் குறித்துக்கொள்கிறோம். முதல் தடவை டிஸ்க்கைச் செருகியதிலிருந்து முதல் பில் போடும் நிலைக்கு வர 5 மணி நேரம் பிடித்தது. பாஸ்வேர்டு எழுதிய சீட்டு கடையில் இருந்தது, டிஸ்க் வீட்டில் இருந்தது! இப்போது சீட்டின் நகல் ஒன்று வீட்டுப் பீரோவிலும் இருக்கிறது. போன மாதம் 1 மணி 50 நிமிஷத்தில் முடிந்தது. கார்பன் ரசீதுப் புத்தகத்தை நிறுத்திவிடலாமே என்று மகன் கேட்கிறான். அதை மட்டும் நாங்கள் இன்னும் நிறுத்தவில்லை.